எச்சில் காய்வதற்குள்

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஒரு பையனுக்கு ஒன்னுக்கு வந்தால் வாத்தியார் முன்னால் போய்க் கைகட்டி நிற்க வேண்டும். அவர் தலையசைத்ததும் மண் தரையில் எச்சிலைத் துப்பிவிட்டு ஓட வேண்டும். துப்பியது காய்வதற்குள் திரும்பிவந்து தன் இடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். காய்ந்துபோயிருந்தால் பிரம்படி. என் தாத்தா சொல்லித்தான் இதை முதலில் கேட்டேன். பாபநாசத்துக்குப் பக்கத்தில், காவிரியின் கிளையான குடமுருட்டியின் கரை ஊர் ஒன்றில் அப்படிப் படித்தவர் அவர். கார்த்திகை மழையில் ஆற அமரப் போய்வரலாம் என்பார். சித்திரையில் வேலி மறைவுக்குப் போய்த் திரும்புவதற்குள் தரையில் ஈரம் இருந்த சுவடே இருக்காதாம். அதனால் கோடை முழுக்க அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதே வழக்கமாகிவிட்டதாம். வேண்டிய சிநேகிதன் யாராவது இருந்தால், வாத்தியார் அந்தப் பக்கம் திரும்பும்போது அதே இடத்தில் இன்னொரு தரம் துப்பிவைப்பானாம்.

வங்காளத்துப் பாடசாலைகளைப் பற்றி 19ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட குறிப்புகளிலும் இதே விதி இருப்பதைப் பின்னாளில் படித்தேன். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. காவிரிக் கரை வாத்தியாருக்கும் கங்கைக் கரை வாத்தியாருக்கும் ஒரு தொடர்பும் இருந்திருக்க நியாயமில்லை. ஆனால் இருவருக்கும் ஒரே தேவை இருந்தது. கடிகாரம் கிடையாது, வெளியே போகிறவன் எவ்வளவு நேரம் போகலாம் என்பதற்கு ஓர் அளவு வேண்டும். அந்த அளவைப் பையனின் வாயிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள்.

நான் அரசுப் பள்ளிகளில் வரலாறு நடத்தியவள். பானிப்பட்டுப் போர்களை எத்தனை தரம் நடத்தினேன் என்று கணக்கில்லை. ஆனால் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு நேர் சொந்தமான ஒரு வரலாறு உண்டு. அது எந்தப் பாடப்புத்தகத்திலும் வந்ததில்லை. யார் எழுந்து வெளியே போகலாம், எதற்காகப் போகலாம், எவ்வளவு நேரம், யார் காவல் என்பதன் வரலாறு அது. ஒரு பள்ளிக்கூடம் பிள்ளையை என்னவாக நினைக்கிறது என்பதை அதன் பாடத்திட்டத்தைவிட இந்த விதிதான் எனக்குத் தெளிவாகக் காட்டியிருக்கிறது.

திண்ணையை முதலில் கண் முன்னால் கொண்டுவர வேண்டும். அதற்குச் சுவர் ஒரு பக்கம்தான். மற்ற பக்கமெல்லாம் தெரு. மாட்டுவண்டி போகும், மேளம் போகும், சாவு போகும், அம்மா குடத்தோடு ஆற்றுக்குப் போவாள். சாத்துவதற்குக் கதவு இல்லாத அந்த இடத்தில் ஒரே ஒரு வாத்தியார் இருபது முப்பது பையன்களை விடியற்காலையிலிருந்து இருட்டும்வரை உட்காரவைத்தாக வேண்டும். அவருக்குப் படியளப்பது பெற்றோர் தரும் நெல்லும் காசும். பையன் நின்றுவிட்டால் அதுவும் நின்றுவிடும். வேலி போட முடியாத இடத்தில் வேலியைப் பையனுக்குள்ளேயே போட்டார்கள் என்றுதான் அந்தக் கால விதிகளை நான் புரிந்துகொள்கிறேன்.

அது காலையில் வரும்போதே தொடங்கிவிடும். 1823இல் பல்லாரி கலெக்டராக இருந்த ஏ. டி. கேம்பெல் தன் ஜில்லாவின் பள்ளிகளைப் பற்றி அரசுக்கு அனுப்பிய அறிக்கையில் இதை எழுதியிருக்கிறார். முதலில் வருகிற பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதி என்று எழுதுவார்கள், அது மரியாதை. இரண்டாவதாக வருபவன் கையில் ஒரு பூஜ்யம். அவனுக்குப் புகழும் இல்லை, இகழும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு. அப்புறம் வருகிற ஒவ்வொருவனுக்கும் ஒன்று கூடிக்கொண்டே போகும். முப்பதாவதாக வருகிறவனை நினைத்துப் பாருங்கள். தாமதமாகிவிட்டது என்று தெரிந்தபின் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் பக்கம் எதற்கு வருவான்? நேரே தோப்புக்குப் போவான்.

தோப்புக்குப் போனவனைக் கொண்டுவர, மற்ற பையன்களை மேய்க்க வாத்தியார் வைத்திருக்கும் பெரிய பையனான சட்டாம்பிள்ளை கிளம்புவான். கூட நாலு பையன்கள். கைக்கு ஒருவர், காலுக்கு ஒருவராகத் தூக்கிக்கொண்டு தெருவழியே வருவார்கள். என் தாத்தா தூக்கப்பட்டும் இருக்கிறார், தூக்கியும் இருக்கிறார். தூக்கப்பட்ட நாளைச் சிரித்துக்கொண்டே சொல்வார். தன் சொந்தத் தம்பியைத் தூக்கிவந்த நாளைச் சொல்லும்போது சிரிப்பு வராது. அன்று தம்பிக்குக் கிடைத்தது கோதண்டம். விட்டத்தில் கட்டிய கயிற்றைப் பையன் இரண்டு கையாலும் பிடித்துத் தொங்க வேண்டும், கால் தரையில் படக் கூடாது. வேறு சில ஊர்களில் கையையே கட்டித் தொங்கவிட்டார்கள். கேம்பெல்லும் இரு கைகளையும் கட்டிக் கூரைக்கு இழுப்பதை எழுதியிருக்கிறார். ஓயாமல் மண்டியிட்டு எழுந்திருக்கச் சொல்வதையும் குறித்திருக்கிறார். நாம் தோப்புக்கரணம் என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். அது வேதனையான தண்டனைதான், ஆனாலும் உடம்புக்கு நல்லதாக இருக்கக்கூடும் என்ற அபிப்பிராயத்தையும் அவர் சேர்த்திருக்கிறார். பிள்ளையின் முழங்கால் வலியைப் பற்றிப் பெரியவர்கள் இப்படி அபிப்பிராயம் சொல்வது இன்றைக்கும் நிற்கவில்லை.

அந்தப் பள்ளிகளை வெறும் வதைக்கூடம் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. உ. வே. சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் தன் இளமைப் பள்ளியை எழுதியிருக்கிறார். இரவு வீட்டுக்கு அனுப்பும்போது ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பூ, ஒரு பறவை, ஓர் ஊர் என்று பெயர்களைச் சொல்லி அனுப்புவார்களாம். மறுநாள் மறக்காமல் வந்து சொல்ல வேண்டும். ஒரு பூவின் பெயரை வாயில் முணுமுணுத்துக்கொண்டே இருட்டில் வீட்டுக்கு நடக்கிற பிள்ளையை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைகிறது. வெளியே போவதற்கு இவ்வளவு அழகான அனுமதிச் சீட்டை எந்தப் பள்ளிக்கூடமும் அப்புறம் கொடுக்கவில்லை.

ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் உத்தரவிட்ட கணக்கெடுப்பின் முடிவு 1826இல் வந்தபோது, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தார்கள். மக்கள்தொகை ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சத்துக்கு மேல். பெண் பிள்ளைகள் அந்தத் திண்ணைகளில் மிகச் சிலரே. சேரிப் பிள்ளைகள் அந்தத் தெருவுக்குள்ளேயே வர முடியாது. வெளியே போக அனுமதி கேட்டு நிற்பது உள்ளே விடப்பட்டவர்களின் துன்பம். தாத்தாவின் கதையை நான் எங்கே சொன்னாலும் இதைச் சேர்த்தே சொல்வேன்.

சட்டாம்பிள்ளை முறை கடல் கடந்து போனது பலருக்குத் தெரிந்த கதை. எழும்பூரில் ஆண் அனாதைப் பிள்ளைகள் விடுதியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் ஊர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்து அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுவந்தார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை அங்கே வளர்த்தெடுத்து, இங்கிலாந்து திரும்பி 1797இல் புத்தகமாகப் போட்டார். மதராஸ் முறை என்றே அதற்குப் பெயர் வந்தது. அதில் எனக்குப் பிடித்த பகுதி அதிகம் பேசப்படுவதில்லை. குற்றங்களை எழுதிவைக்க அவர் ஒரு கறுப்புப் புத்தகம் வைத்திருந்தார். அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, குற்றம் செய்தவனைச் சக மாணவர்களே கூடி விசாரித்தார்கள். இதே வேலையை லண்டனில் போட்டி போட்டுச் செய்த ஜோசப் லங்காஸ்டரோ பிரம்பு வேண்டாம் என்றார். பிரம்புக்குப் பதிலாகப் பையனின் கழுத்தில் மரக்கட்டையைக் கட்டினார், கூடையில் உட்காரவைத்துக் கூரைக்கு ஏற்றித் தொங்கவிட்டார். குடமுருட்டிக் கரைக் கோதண்டமும் லண்டன் கூடையும் ஒரே விட்டத்தில்தான் போய் முடிகின்றன.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் விஷயம் வேறாகிறது. இங்கிலாந்தில் 1862இல் வந்த திருத்தப்பட்ட கல்விச் சட்டத்தொகுப்பு, பிள்ளை எத்தனை நாள் வந்தது, தேர்வில் தேறியதா என்பதைப் பார்த்துப் பள்ளிக்குப் பணம் கொடுத்தது. அதே பத்தாண்டில் சென்னை மாகாணத்திலும் தேறிய பிள்ளைகளைக் கணக்கிட்டு மானியம் தருகிற முறை வந்தது. அன்றிலிருந்து பிள்ளை இடத்தில் இருக்கிறதா என்பது காசுக் கணக்கு. வருகைப் பதிவேடு என்கிற நீள நோட்டுக்கு ஒரு புனிதம் வந்தது அப்போதுதான். அதில் அடித்தல் திருத்தல் கூடாது, சிவப்பு மைக்கு ஒரு பொருள், நீல மைக்கு ஒரு பொருள். ஆய்வாளர் வந்தால் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அந்த நோட்டைத்தான் கேட்பார். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலும் அப்படித்தான் இருந்தது.

மணியும் வந்தது. எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் வேப்பமரத்திலோ வராந்தா விட்டத்திலோ ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும், அதை அடிக்க ஓர் இரும்புக் கம்பி இருக்கும். முற்பகல் இடைவேளைக்கு அடிக்கிற மணிக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ஒன்னுக்கு மணி. எச்சில் போய், மணி வந்தது ஒரு விதத்தில் நல்லதுதான்; எல்லாருக்கும் ஒரே அளவு, வாத்தியாரின் மனநிலைக்குத் தக்கபடி மாறாது. ஆனால் பத்து நிமிடத்தில் பள்ளி முழுக்கப் போய்வர வேண்டும் என்று ஆனபோது, மணிக்கு முன்னால் எழுந்து சுண்டு விரலைக் காட்டுகிற பிள்ளை குற்றவாளி ஆனது. “இப்பத்தானே மணி அடிச்சுது, அப்ப என்ன பண்ணிட்டிருந்தே?” இந்தக் கேள்வியைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை உண்டா?

அடிப்பதற்குச் சட்டத்தில் ஓர் எல்லை இருந்தது. சென்னைக் கல்வி விதிகளின் 51ஆம் விதி உடல் தண்டனையைப் பொதுவாகத் தடுத்து, வேண்டுமென்றே பொய் சொல்வது, ஆபாசம், அப்பட்டமான கீழ்ப்படியாமை போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு வைத்தது. அப்போதும் உள்ளங்கையில் ஆறு அடிக்கு மேல் கூடாது, தலைமையாசிரியரே கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அவர் மேற்பார்வையில் கொடுக்க வேண்டும். சொல்லாமல் வகுப்பைவிட்டுப் போவதைக் கீழ்ப்படியாமையில் சேர்த்துக்கொள்வது எளிதாக இருந்தது. ஆறு என்ற எண்ணிக்கையையும் தலைமையாசிரியர் என்ற நிபந்தனையையும் நான் பார்த்த வகுப்பறைகளில் யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. 2003இல்தான் தமிழ்நாட்டில் அந்த விதி திருத்தப்பட்டு, விலக்கே இல்லாமல் அடி தடைசெய்யப்பட்டது.

ஒருவன் போனால் கீழ்ப்படியாமை. எல்லாரும் சேர்ந்து போனால்? இந்தக் கேள்வி வெள்ளைக்கார அரசைத் தூங்கவிடவில்லை. 1905இல் வங்காளத்தில் கார்லைல் சுற்றறிக்கை, 1907இல் இந்தியா முழுமைக்கும் ரிஸ்லி சுற்றறிக்கை. இரண்டும் மாணவர்களை அரசியலிலிருந்து விலக்கிவைக்கப் பள்ளி கல்லூரிகளை மிரட்டியவை. பிள்ளைகளை அடக்காவிட்டால் மானியமும் அங்கீகாரமும் போகும். அதே 1907இல் நம் மாகாணத்தைச் சேர்ந்த ராஜமுந்திரிக்கு வங்காளத்துத் தேசியத் தலைவர் விபின் சந்திர பால் வந்து பேசினார். அங்கே அரசுக் கல்லூரி மாணவர்கள் வந்தே மாதரம் பேட்ஜ் குத்திக்கொண்டு வகுப்புக்கு வந்தார்கள். முதல்வர் மார்க் ஹன்டர் கழற்றச் சொன்னார். மாணவர்கள் மறுத்து வெளியே வந்தார்கள். அவர்களில் ஒருவரான காடிசர்ல ஹரிசர்வோத்தம ராவ் வெளியேற்றப்பட்டார். பின்னாளில் ஆந்திரப் பத்திரிகை உலகிலும் நூலக இயக்கத்திலும் பெரிய பெயர் அவருடையது. 1920இல் காந்தி, அரசுப் பள்ளிகளையும் கல்லூரிகளையும் விட்டு வெளியே வாருங்கள் என்றே அழைத்தார். அனுமதி கேட்காமல் எழுந்து போவது அன்று தேசக் கடமை.

தமிழ்நாட்டில் இந்த வரலாற்றுக்கு மொழிதான் நடுநாயகம். 1938இல் ராஜாஜி அரசு 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது பள்ளி வாசல்களிலேயே மறியல் நடந்தது. 1965 ஜனவரி 25 அன்று மதுரையில் மாணவர்கள் இந்தியை எதிர்த்து ஊர்வலம் போனார்கள்; வடக்கு மாசி வீதியில் காங்கிரஸ் அலுவலகம் அருகே மோதல் வெடித்தது. 27ஆம் தேதி சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அந்த வாரம் நான் ஆறாம் வகுப்பு. வெளியிலிருந்து வந்த பெரிய அண்ணன்கள் எங்கள் தண்டவாளத்தை ஓங்கி ஓங்கி அடித்தார்கள். எங்கள் கணக்கு டீச்சர் கையில் சாக்பீஸோடு நின்றார், எங்களைத் தடுக்கவில்லை. “பத்திரமாப் போங்கடி, ஒருத்தரை ஒருத்தர் விட்டுடாதீங்க” என்று மட்டும் சொன்னார். மணியடித்தவர்களின் முகம் எதுவும் நினைவில் இல்லை, அந்த டீச்சரின் குரல் இருக்கிறது. அதற்குப் பிறகு ஆட்சி மாறியது, மொழிக் கொள்கை மாறியது. அப்படி எழுந்து போனவர்களில் சிலர் அமைச்சர்களும் ஆனார்கள். வகுப்புக்குள் சுண்டு விரலைத் தூக்குகிற பிள்ளைக்கு மட்டும் ஒன்றும் மாறவில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். திண்ணைப் பள்ளியின் விதி ஆண் பிள்ளைக்காகச் செய்தது. வேலி மறைவோ வாய்க்கால் கரையோ அவனுக்குப் போதும். 20ஆம் நூற்றாண்டில் சாரை சாரையாகப் பெண் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தபோது கட்டடம் கட்டினார்கள், கரும்பலகை வைத்தார்கள், 1956இலிருந்து மதிய உணவு போட்டுப் பசியோடு வீட்டுக்கு ஓடிய பிள்ளைகளைப் பள்ளியிலேயே உட்காரவைத்தார்கள். அந்தச் சோற்றை நான் கும்பிடுகிறேன். ஆனால் சாப்பிட்ட பிள்ளை தண்ணீர் குடிக்கும், தண்ணீர் குடித்த பிள்ளை எங்கே போகும் என்று வெகு காலம் யாரும் கேட்கவில்லை. நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில் நூற்றுக்கணக்கான பெண்களுக்கு இரண்டே கழிப்பறை. அதில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. சினேகிதி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் இரண்டு பேர் எழுந்து போக வேண்டும். இரண்டு பேரைச் சேர்த்து அனுப்பக் கூடாது என்பது அந்தப் பள்ளியின் ஒழுங்கு விதி. பிள்ளைகள் கண்டுபிடித்த வழி, காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பது. மாதவிடாய் நாட்களில் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். பதிவேட்டில் ஆப்சென்ட் விழும். நீர்க்கடுப்பு, வயிற்றுவலி என்று வந்த பிள்ளைகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போனால், அங்கே டாக்டரம்மா கேட்கிற முதல் கேள்வி, “தண்ணி எவ்வளவு குடிக்கிறே?” பிள்ளை என்னைப் பார்க்கும்.

தாத்தா சித்திரையில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். இந்தப் பெண்கள் பன்னிரண்டு மாதமும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். இவர்களுக்குப் பிரம்பைக் காட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடைசெய்கிறது. அட்டவணை ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்கிறது. 2012இல் உச்ச நீதிமன்றம், எல்லாப் பள்ளிகளிலும் கழிப்பறையும் குடிநீரும் இருந்தாக வேண்டும் என்று காலக்கெடு வைத்து உத்தரவிட்டது. ஏசர் எனப்படும் ஆண்டுக் கல்வி நிலை ஆய்வின்படி, இந்திய கிராமப்புறப் பள்ளிகளில் பெண்களுக்குப் பயன்படும் நிலையில் கழிப்பறை இருந்தவை 2010இல் 32.9 சதவீதம், 2018இல் 66.4. எட்டு ஆண்டில் இரட்டிப்பானதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மிச்சமுள்ள மூன்றில் ஒரு பங்குப் பள்ளிகளின் பெண்களை மறக்கவும் மாட்டேன்.

2019இல் கேரளப் பள்ளிகளில் தண்ணீர் மணி வந்தது. பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதற்கென்றே பகலில் சில தடவை மணி அடிக்கிறார்கள். கர்நாடகமும் பின்பற்றியது, பிறகு தமிழ்நாட்டிலும் வந்துவிட்டது. பள்ளிக்கூட மணி பிள்ளையின் உடம்புக்காக அடிப்பதை நான் பார்ப்பேன் என்று நினைக்கவே இல்லை. ஆனால் தண்ணீர் மணி அடித்த அரைமணி நேரத்தில் எழுந்திருக்கும் பிள்ளையை எந்த வகுப்பும் தடுக்கக் கூடாது என்பதும் அந்த மணியோடு வர வேண்டும். கேட்டுவிட்டுப் போவது வேறு, அனுமதி கிடைத்தால் போவது வேறு. ஆசிரியருக்குப் பிள்ளை எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். அது பாதுகாப்பு, அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கடைசியாக நான் வேலை பார்த்த பள்ளியில் என் வகுப்புக் கதவோரம் ஆணியில் இரண்டு மரவில்லைகள் தொங்கின. போகிற பிள்ளை ஒன்றை எடுத்துக்கொண்டு போகும், வந்து மாட்டும். வில்லை ஆணியில் இல்லையென்றால் யாரோ வெளியே இருக்கிறார்கள், நான் போய்ப் பார்க்கலாம். வகுப்பு ஒன்றும் குலைந்துபோகவில்லை. ஊர் சுற்றப் போகிறவன் வில்லை இல்லாத காலத்திலும் போய்க்கொண்டுதான் இருந்தான்.

ஓய்வுக்குப் பின் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களுக்கு யாராவது கூப்பிட்டால் போகிறேன். தேர்ச்சி விகிதத்தைப் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்து, பெண் பிள்ளைகளின் கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்பேன். “ஆபீஸ்லதான் இருக்கு டீச்சர், கேட்டா கொடுத்துருவோம்” என்பார்கள். கேட்டால் கொடுப்பது என்ற அந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டு, பள்ளி நேரம் முழுக்கக் கதவு திறந்திருக்கும், உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கும் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்வேன். வந்திருக்கிற அம்மாக்கள்தான் முதலில் கையெழுத்துப் போடுகிறார்கள்.